கருவில் ஓடும் வாய்க்கால்: பிள்ளையின் குறைக்குத் தாய் காரணமா?

கடந்த மாரிகாலத்தில், வன்னியிலே ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தோம். சுயதொழில் கடன் பற்றிக் கதைப்பதற்கான கூட்டம் அது. முடியும் தறுவாயில், பின்வரிசையில் இருந்த ஒரு இளம் தாயின் மடியில் கிடந்த குழந்தை அழத் தொடங்கியது. பாலூட்டுவதற்கு அவர் பட்ட பாட்டை விட, பிள்ளையின் முகத்தை மற்றவர்கள் பார்த்துவிடாமல் துணியால் மூடுவதற்கு அவர் பட்ட பாடுதான் என் கண்ணிற் பட்டது. பிள்ளைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

கூட்டம் கலைந்த பின்னர் அவரோடு கதைத்தேன். "கிரகணத்தண்டு பூசணிக்காய் வெட்டினவள் எண்டு மாமி சொல்லுறா அக்கா. எனக்கு எண்டைக்குக் கிரகணம் எண்டே தெரியாது" என்றார். அவருக்கு வயது இருபத்தாறு. 2009இல் அவர் ஒரு சிறுமி.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு அக்கா குறுக்கிட்டார். "என்னையும் கொஞ்சம் பாருங்கோ தங்கச்சி. நான் அந்த வருசம் வயித்துப் பிள்ளையோட பங்கருக்குள்ள கிடந்தனான். கஞ்சித் தண்ணிதான் சாப்பாடு. எத்தினையோ நாள் அதுவும் இல்லை. என்ர பெடியன் ஒரு விரல் குறையாமல் பிறந்தவன். இப்ப பந்தடிச்சுக்கொண்டு திரியிறான். இந்தப் பிள்ளை மூண்டு நேரமும் சாப்பிட்டு, ஒழுங்கா கிளினிக் போனவள். அப்ப இது என்ன கணக்கு?"

"அது நீ செய்த புண்ணியம்" என்றார் ஒரு முதிய அம்மா. அந்த வார்த்தையைக் கேட்டதும் இளம் தாய் தலையைக் குனிந்துகொண்டார். ஒருத்திக்குக் கிடைத்தது புண்ணியம் என்றால் மற்றவளுக்குக் கிடைத்தது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். கிரகணக் கதை பொய் என்று சொல்ல முடிந்ததே தவிர, அந்த அக்காவின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அதன் பின்னர் வாசித்தும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம்

ஒரு பிள்ளை குறையோடு பிறந்தால், ஏன் என்று ஊரே கேட்கின்றது. குறையில்லாமல் பிறந்தால் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த இரண்டாவது விடயமே பெரும் புதிராக இருந்து வந்துள்ளது.

ஒரேயொரு கலத்திலிருந்து தொடங்கி, கோடானுகோடி கலங்களாகப் பெருகி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணும், காது இருக்க வேண்டிய இடத்தில் காதும் வருகின்றன. உங்களுடைய இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். இடது கையும் வலது கையும் ஒன்றையொன்று அளந்து பார்த்து வளரவில்லை. தனித்தனியாகவே வளர்ந்தன. இருந்தும் நீளம் ஏறக்குறையச் சமமாக வந்து நிற்கின்றது.

இதைவிட ஆச்சரியமானது வேறொன்று. உடலை உருவாக்குவதற்கான குறிப்பு எமது கலங்களுக்குள் பரம்பரையலகுகளாக எழுதப்பட்டுள்ளது. மரபணு என்றும் இதைச் சொல்கிறார்கள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. விஞ்ஞானிகள் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் மாதிரிப் பிரதியோடு ஒரு சாதாரண மனிதரின் எழுத்துக்களை ஒப்பிட்டால், 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். 2012இல் வெளியான ஒரு விரிவான ஆய்வின்படி, நல்ல சுகத்தோடு இருக்கும் ஒரு மனிதரின் உடலில்கூட, வேலை செய்யாமற் போகும்படி மாறிவிட்ட பரம்பரையலகுகள் சுமார் 100 காணப்படுகின்றன. அவற்றுள் 20 அளவில் இரண்டு பிரதிகளுமே பழுது.

இதை வாசித்தபோது எனக்கு எங்களுடைய கலியாணப் பேச்சுக்கள்தான் ஞாபகத்திற்கு வந்தன. "அந்தக் குடும்பத்தில ஒரு குறை இருக்கு" என்று சொல்லி எத்தனை பெண்களின் சம்பந்தங்கள் குழப்பப்பட்டிருக்கின்றன! குறையே இல்லாத பரம்பரை என்று ஒன்று எங்கேயும் இல்லை. கேட்பவர் வீட்டிலும் 100, சொல்பவர் வீட்டிலும் 100. வெளியில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால், இத்தனை வித்தியாசங்களும் பழுதுகளும் உள்ளே இருக்க, எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கண், ஒரு மூக்கு, பத்து விரல் என்று ஒரே வடிவத்தில் எவ்வாறு வந்து பிறக்கின்றன?

ஒரு யுத்தகாலத்து விடை

இக்கேள்விக்கு ஒரு பெயரும் உருவமும் கொடுத்தவர் கொன்ராட் ஹால் வாடிங்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். 1905இல் பிறந்தவர். அவரது தகப்பனார் தென்னிந்தியாவில் தேயிலைத் தோட்டத்தில் தொழில் பார்த்தார். சிறு குழந்தையாக அங்கிருந்த வாடிங்டன், பின்னர் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் உறவினரிடம் வளர்ந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942இல், கருவின் வளர்ச்சி பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியானது. வளரும் கரு ஒரு வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் போன்றது என்ற கருத்தை அதில் முன்வைத்தார். அவர் தெரிந்தெடுத்த ஆங்கிலச் சொல்லே கால்வாய் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

குளத்து நீர் பாய்ச்சி வயல் செய்த எமது பெண்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமல்ல. துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடுகின்றது. வழியில் ஒரு கல் கிடக்கும், ஒரு மரவேர் குறுக்கே நிற்கும், யாராவது ஒரு பிடி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் சற்றுச் சுழித்து, விலகி, மறுபடியும் அதே வாய்க்காலுக்குள் வந்து, அதே வயலில் போய்ச் சேருகின்றது. கரை உயரமாக இருக்கும் வரைக்கும் சின்னச் சின்னத் தடைகள் தண்ணீரின் போக்கை மாற்றுவதில்லை. பரம்பரையலகில் உள்ள எழுத்து வித்தியாசங்களும், சூட்டிலும் உணவிலும் வரும் ஏற்ற இறக்கங்களும் அந்தக் கல்லும் வேரும் போன்றவை. 1957இல் எழுதிய நூலில் இதையே அவர் ஒரு படமாகவும் வரைவித்தார். மேடும் பள்ளமுமான மலைச்சரிவில் ஒரு பந்து உருண்டு வருவதுதான் அந்தப் படம்.

கரை எதனால் ஆனது? இது வாடிங்டனின் காலத்தில் தெரிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் தெரியவந்த இரண்டு வழிகளை மட்டும் சொல்கின்றேன்.

முதலாவது, ஒரு வேலைக்கு இரண்டு பேர் இருப்பது. உடலின் தசைகள் உருவாவதற்கு மயோ-டி என்ற பரம்பரையலகு மிக முக்கியம் என்று நம்பப்பட்டது. 1992இல் அமெரிக்காவில் ருடோல்ப் ஜேனிஷின் ஆய்வுகூடத்தில், எலிகளில் அதை முற்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். தசையே இல்லாத குட்டி பிறக்கும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? குட்டி சாதாரணமாகப் பிறந்து, வளர்ந்து, தானும் குட்டி போட்டது. மிஃப்-5 என்ற இன்னொரு பரம்பரையலகு வழமையை விடக் கூடுதலாக வேலை செய்து அந்த இடத்தை நிரப்பியிருந்தது. 1993இல் இரண்டையும் ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்தபோது, எலும்போடு சேர்ந்த தசைகள் இல்லாமலே குட்டிகள் பிறந்து இறந்துபோயின. ஒரு வீட்டில் தாய் முடியாமற் படுத்தால் மூத்த மகள் அடுப்படிக்குள் போகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டில் எந்த மாற்றமும் தெரியாது. மகளும் படுத்தால்தான் தெரியும்.

இரண்டாவது, கலத்துக்குள் இருக்கும் துணைப் புரதங்கள். உடலின் வேலைகளைச் செய்கின்ற புரதம் ஒவ்வொன்றும் ஒழுங்காக மடிக்கப்பட்டால்தான் பயன்படும். சரியாக மடியாமல் நிற்பவற்றுக்குக் கைகொடுத்து உதவுவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று எச்.எஸ்.பி.90. சூடு போன்ற நெருக்கடிகளின்போது கலங்கள் இதைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். எழுத்துப் பிழையோடு உருவான புரதத்தையும் இது ஓரளவு தாங்கிப் பிடித்து வேலைக்கு உதவும்படி செய்துவிடுகின்றது.

1998இல் சுசான் றதர்போர்ட், சூசன் லின்ட்குவிஸ்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இங்கு முக்கியமானது. வாழைப்பழத்தில் மொய்க்கின்ற சின்னப் பழ ஈக்களில், இந்தத் துணைப் புரதத்தை அவர்கள் குறைத்துப் பார்த்தார்கள். அதுவரை ஒரே மாதிரியாக இருந்த ஈக்களின் வம்சத்தில், சிலவற்றுக்குக் கண் உருமாறியது, சிலவற்றுக்குச் சிறகு, வேறு சிலவற்றுக்குக் கால். எந்த உறுப்பு மாறும் என்பது அந்தந்த வம்சத்தைப் பொறுத்து வேறுபட்டது. இக்குறைகள் புதிதாக வந்தவையல்ல. அவற்றுக்கான வித்தியாசங்கள் முன்னரே உள்ளே இருந்தன. தாங்கிப் பிடித்த கை தளர்ந்ததும் வெளியே தெரிந்தன.

வாடிங்டனும் 1953இல் இதை வேறு விதமாகக் கண்டிருந்தார். பழ ஈக்கள் கூட்டுப்புழுவாக இருக்கும்போது 40 பாகை செல்சியஸ் சூட்டில் நான்கு மணித்தியாலம் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம். ஆனால் சில ஈக்களுக்கு மட்டுமே சிறகிலுள்ள குறுக்கு நரம்பு இல்லாமற் போனது. மற்றவை வழமைபோலவே பிறந்தன. நரம்பில்லாதவற்றை மட்டும் தெரிந்து இனம்பெருக்கி, ஒவ்வொரு தலைமுறையையும் அதே சூட்டில் வைத்து வந்தார். பத்துப் பதினைந்து தலைமுறைகளுக்குள், சூடு காட்டாமலே நரம்பில்லாத ஈக்கள் பிறக்கத் தொடங்கின. உள்ளே ஒளிந்திருந்த வித்தியாசங்கள் ஒன்றுசேர்ந்து விட்டிருந்தன.

அக்காவின் கணக்கிற்கு விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கின்றது. ஒரே நெருக்கடி எல்லோருக்கும் வந்தாலும் எல்லா வாய்க்காலும் உடைவதில்லை. எது உடையும் என்பது கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ சிறு வித்தியாசங்களின் கூட்டுத்தொகை. நெருக்கடி ஒன்றுமே இல்லாத இடத்திலும் அந்தக் கூட்டுத்தொகை சில வேளைகளில் கரையைத் தாண்டிவிடுகின்றது.

சொந்தத்துக்குள் கலியாணம்

மச்சான், மச்சாள் கலியாணம் செய்தவர்கள் இந்த இடத்தில் என்னிடம் கேட்பார்கள் என்று தெரியும். எனவே இதையும் சொல்லிவிடுகின்றேன்.

இரத்த உறவுக்குள் கலியாணம் செய்யும்போது, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பழுதுப் பிரதி பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்புக் கூடுகின்றது. இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியானது. பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கும் பிள்ளைகள் சாதாரணமாக 100க்கு 3 அளவில் இருக்க, ஒன்றுவிட்ட சகோதர உறவுக்குள் கலியாணம் செய்தவர்களிடையே அது 6 அளவில் இருந்தது. இரண்டு மடங்கு என்பது சிறிய விடயமல்ல. ஏற்கனவே குடும்பத்தில் ஒரு நோய் இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதேவேளை, 100இல் 94 பிள்ளைகள் அவ்வாறான குறை எதுவும் இல்லாமலே பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

2016இல் பிரித்தானியாவில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவழியினர் 3,222 பேரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது ஒரு தாய் அறியப்பட்டார். பி.ஆர்.டி.எம்.9 என்ற பரம்பரையலகு அவருக்கு இரு பிரதியும் வேலை செய்யவில்லை. கருமுட்டையும் விந்தும் உருவாகும்போது நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்வதை வழிநடத்துவது அது. அது இல்லாத ஆய்வுகூட எலிகள் மலடாகிவிடும். இந்தப் பெண்ணோ சுகதேகியாக இருந்தார். பிள்ளையும் பெற்றிருந்தார். அவருடைய உடல் வேறு ஏதோ வழியால் அந்த வேலையை ஒப்பேற்றியிருக்கின்றது. ஆய்வு நடந்திராவிட்டால் அவருக்கே இது தெரிந்திருக்காது.

உதடு எப்படிச் சேருகிறது

இனி அந்த இளம் தாயின் விடயத்துக்கு வருவோம்.

கருவின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. பல துண்டுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒன்றுசேருகின்றன. மேலுதடு சேர்வது கர்ப்பத்தின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். எத்தனையோ பெண்களுக்குத் தாம் கர்ப்பமாக இருப்பதே அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. அதன்பின் அண்ணம் உருவாகும். அண்ணத்தின் இரு பாதிகளும் முதலில் நாக்கின் இரு பக்கமும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். நாக்குக் கீழே இறங்க, அவை மேலெழுந்து, படுக்கையாகி, நடுவில் சந்தித்து ஒட்ட வேண்டும். இதற்கிடையில் தலையும் அகலமாகிக்கொண்டே போகின்றது. மேலெழுவது சற்றுப் பிந்தினால் இரு பாதிகளும் தொட முடியாத தூரத்துக்குப் போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு அண்ணம் மூடுவது ஆண் பிள்ளைகளை விட ஒரு வாரமளவில் பிந்தியே நடக்கின்றது. அண்ணப் பிளவு மட்டும் உள்ள பிள்ளைகளில் பெண்கள் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, அரைகுறையாக உதடு சேர்வது என்று பெரும்பாலும் இல்லை. நேரத்துக்குத் தொட்டால் உதடு. தொடாவிட்டால் பிளவு. தொட்ட பிள்ளைக்கும் தொடாத பிள்ளைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்திருக்கலாம். உலகளவில் 700 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இக்குறை காணப்படுகின்றது. பணக்கார நாடுகளிலும் உண்டு, யுத்தமே காணாத ஊர்களிலும் உண்டு.

ஒரே முட்டையிலிருந்து பிரிந்த இரட்டையர்களைப் பற்றிய விபரத்தை அந்தத் தாய்க்கு நான் இரண்டு முறை சொன்னேன். அவர்களுக்குப் பரம்பரையலகு ஒன்றே, வயிறும் ஒன்றே, தாய் சாப்பிட்ட சாப்பாடும் ஒன்றே. அவள் கிரகணத்தில் வெளியில் போயிருந்தால் இருவரும்தான் போயிருப்பார்கள்! அப்படியிருந்தும், ஒருவருக்கு உதட்டுப் பிளவு இருக்கும்போது மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறையப் பாதித் தடவைதான் என டென்மார்க்கின் இரட்டையர் ஆய்வு காட்டுகின்றது. மற்றப் பாதியில், கூடப் பிறந்த பிள்ளைக்கு உதடு முழுமையாக இருந்தது. பரம்பரையையும் சூழலையும் தாண்டி, வெறும் தற்செயலுக்கும் இங்கு ஓர் இடம் இருக்கின்றது. கலங்கள் பெருகும்போது ஏற்படும் சிறு தளம்பல் அது. இரட்டையரின் கைரேகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை.

தாயை மட்டும் குறை சொல்பவர்களுக்காக இன்னொரு விபரம். ஒவ்வொரு பிள்ளையும், பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் 60, 70 அளவில் கொண்டு பிறக்கின்றது. 2012இல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு, இவற்றுள் பெரும்பகுதி தகப்பன் வழியாகவே வருகின்றது என்றும், தகப்பனின் வயது ஏறும்போது கூடுகின்றது என்றும் காட்டியது. பழியைத் தகப்பன் தலையில் தூக்கிப்போட இதை நான் எழுதவில்லை. இந்த மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆனால் இத்தனை வருடங்களாக ஒரு பக்கத்துக்கு மட்டுமே வழக்கு வைத்த சமூகம் மறுபக்கத்தையும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது.

குறையின்றிப் பிறந்த பிள்ளைக்கும் ஒரு கதை உண்டு

பங்கருக்குள் பிள்ளை சுமந்த அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியது அத்தனை இலகுவாக இருக்கவில்லை.

ஒரு காலத்தில் எமது கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தில், 1944 - 45 குளிர்காலத்தில் ஒரு பெரும் பட்டினி ஏற்பட்டது. ஜேர்மன் படைகள் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழிகளை அடைத்தன. பங்கீட்டு உணவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே, பின்னர் அதிலும் பாதிக்கு இறங்கியது. 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1945 மே மாதம் யுத்தம் முடிந்ததும் உணவு வந்தது. பட்டினி எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்பதும், எந்தத் தாய் எப்போது பிரசவித்தாள் என்பதும் பதிவில் இருந்தபடியால், அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் முதுமை வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் 300 கிராம் அளவில் நிறை குறைந்து பிறந்தார்கள். முதல் மாதங்களில் பட்டினி கிடந்து, பின்னர் உணவு கிடைத்த தாய்மாரின் பிள்ளைகளோ வழமையான நிறையோடு பிறந்தார்கள். வாய்க்கால் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1972இல், கட்டாய இராணுவச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்ட 19 வயது இளைஞர்கள் 125,000 பேரின் விபரங்களை ஆராய்ந்தபோது, கருவில் பட்டினிக்குள்ளானவர்களின் அறிவுத்திறனில் குறைவு காணப்படவில்லை. இதை நான் சொன்னபோது அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். மகனுக்குக் கணிதம் ஓடாததற்குத் தான் அந்நேரம் சாப்பிடாததே காரணம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆனால் நடு வயதுக்கு வந்தபோது, முதல் மாதங்களில் பட்டினிக்குள்ளான அதே பிள்ளைகளிடையே இருதய நோயும் உடற்பருமனும் மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்பட்டன. 2008இல் வெளியான ஆய்வில், 60 வருடங்களின் பின்னரும் அவர்களின் பரம்பரையலகு ஒன்றின் மேலிருந்த இரசாயன அடையாளங்கள், பட்டினிக்குள்ளாகாத அவர்களது சகோதரர்களிடமிருந்து வேறுபட்டிருந்தன. உக்ரேனில் 1932 - 33 பஞ்சத்தின்போது கருவின் ஆரம்ப மாதங்களில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு சொல்கின்றது. உருவத்தைக் காப்பாற்றுவதற்காக உடல் உள்ளே எதையோ விட்டுக்கொடுத்திருக்கின்றது.

இதைக் கேட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. இவை ஆயிரக்கணக்கானோரை ஒன்றாக எடுத்துப் பார்த்த கணக்குகள். உங்கள் பிள்ளைக்கு இன்னது வரும் என்று அவை சொல்லவில்லை. ஆனாலும் 2008, 2009இல் கருவில் இருந்த எமது பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். வளர்ந்த பிறகு சீனியும் பிரஷரும் இடையிடையே பார்ப்பது, சோடாவையும் மிக்சர் பைக்கற்றையும் குறைப்பது போன்றவற்றை இந்தப் பிள்ளைகளின் விடயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு செய்யலாம். ஏதாவது வருத்தத்துக்கு வைத்தியரிடம் காட்டும்போது, "இவன் வயித்தில இருக்கேக்க நான் சாப்பாடில்லாமல் இருந்தனான்" என்று சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. வைத்தியருக்குப் பயன்படும் தகவல்.

எம்மால் செய்யக்கூடியவை

கரையைப் பலப்படுத்துவதற்கு வழி இருக்கின்றது, எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். அது மூடாமல் விடுவதைப் போலிக் அமிலம் பெருமளவு தடுக்கின்றது. ஏற்கனவே அவ்வாறான பிள்ளை பெற்ற தாய்மாரை வைத்து ஏழு நாடுகளில் செய்யப்பட்டு 1991இல் முடிந்த ஆய்வில், அக்குறை மீண்டும் வருவது 72 வீதத்தால் குறைந்தது. ஆனால் கர்ப்பம் உறுதியானபின் தொடங்கினால் அந்த 28 நாட்கள் போய்விடும். எனவே கலியாணமானவுடனேயே, அல்லது அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போதே, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்குங்கள். வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சில குளிசைகள் உதட்டுப் பிளவின் ஆபத்தைக் கூட்டும் என்பதால் வைத்தியர் மருந்தை மாற்றுவார். பயந்துபோய் நீங்களாக நிறுத்தினால் அது தாய்க்கே ஆபத்து.

புகைத்தலும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றது. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் சுருட்டும் பீடியும் பற்றுகின்ற ஆண்களுக்கு இதைச் சொல்ல ஒரு கூட்டம் வைக்க வேண்டும். கூப்பிட்டால் வருவார்களா என்பது வேறு விடயம்.

உதட்டுப் பிளவுள்ள பிள்ளைக்குப் பால் கொடுப்பதுதான் முதற் கவலை. உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தாய்ப்பாலை நேரடியாகவே கொடுக்க முடியும். அண்ணமும் பிளந்திருந்தால் பிள்ளையால் உறிஞ்ச முடியாது. பால் மூக்கால் வரும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கறந்த பாலைக் கரண்டியால் அல்லது சின்னக் கோப்பையால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இடையிடையே ஏவறை எடுக்க விட வேண்டும். உதட்டுக்கான சத்திரசிகிச்சையை வழமையாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்துக்கானதை ஒன்றரை வயதுக்கு முன்னரும் செய்வார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குக் காதிற் சளி கட்டிக் கேட்கும் திறன் குறைவதுண்டு. ஆகவே காதையும், பின்னர் பேச்சையும் காட்ட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அதே கட்டடத்தில் இதையெல்லாம் கதைத்தேன். இளம் தாயோடு அவருடைய மாமியும் வந்து முன்வரிசையில் இருந்தார். கிரகணம் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் பேரப்பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் துணி போட்டிருக்கவில்லை.

"நிறை காணாது, கூடினாப் பிறகுதான் ஒப்பரேசன் செய்யலாம் எண்டு டொக்டர் சொன்னவர், பிள்ளை. கறந்த பாலை ஒருக்காக் குடுத்தா அடுத்தது எத்தினை மணித்தியாலத்தால குடுக்கிறது?" என்று கேட்டார். இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னேன். பிள்ளையை வரும் புதன்கிழமை கிளினிக்கில் நிறுக்கிறார்கள்.